பெரியவர் இன்னும் எழுந்திரிக்கல

மகள் போனில் கேட்ட முதல் கேள்வியே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அத்தையைக் கூப்பிட்டியாம்மா?"

"எதுக்கெடுத்தாலும் அத்தைதானா? நானே பாத்துக்கறேன்."

"என்ன பாப்ப? கம்ப்யூட்டர்ல சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியும், அவ்வளவுதானே உனக்கு?"

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள். அப்பா போய்ச் சேர்ந்த இந்தப் பதினோரு வாரத்தில் அம்மாவின் மௌனத்தில் எது கோபம், எது அழுகை என்று தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இது கோபம் என்று தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தாள். "அப்பா படமெல்லாம் அதுலதான் இருக்கு. அத்தை வந்தா அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்க."

அதுதான் அவளுக்குப் பயம். அரை மணி நேரத்தில் சரி பண்ணிவிடுவாளே என்பதுதான்.

கணவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். முன்னறை ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை, அதன்மேல் அகலமான திரை, மேசைக்கடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி. பன்னிரண்டு வருடமாக அதுதான் அவருக்கு அலுவலகம். அந்தப் பெட்டியை வாங்கி, வயர் இழுத்து, உட்கார வைத்துக் கொடுத்தது அவருடைய அக்கா. நகரத்தின் மறுகோடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் சொருகியிருக்கும். அந்தப் பக்கத்தில் ஸ்க்ரூ அக்கா என்றால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவும் தம்பியும் போனில் பேசுவார்கள். "அக்கா, பெரியவர் இன்னிக்கும் எழுந்திரிக்கல" என்று அவர் ஆரம்பிப்பார். பெரியவர் என்றால் அந்தப் பெட்டி. ஆன் செய்தால் உடனே எழாது. நிறுவனத்தின் சின்னம் திரையில் வந்து அப்படியே நிற்கும். சில நாள் நாலு நிமிடம், சில நாள் ஐந்து. அதற்கு அக்கா அந்தப் பக்கம் என்ன சொல்வாளோ, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் மனைவியிடம் சிரித்ததில்லை. சமையலறையில் அவள் கையிலிருக்கும் கரண்டி அன்றைக்கு மட்டும் பாத்திரத்தில் கொஞ்சம் பலமாகவே படும். ரத்த சம்பந்தம், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், எல்லாம் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருந்துவிடுமா? பிற்பாடு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாதம் ஒன்றாகக் குறைந்தபோதுகூட அவள் நிம்மதி அடையவில்லை. நம் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் ஒளிந்து பேசுகிறார் என்று நினைத்தாள்.

நாத்தனாரிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. காலை டீ.

பத்து வருடமாக, ஒருநாள் தவறாமல், ஐந்தரை மணிக்கு அவர் எழுந்து முன்னறைக்குப் போவார். பெட்டியின் விசிறி உறுமும் சத்தம் கேட்கும். பிறகு சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கையில் இரண்டு கோப்பையோடு வந்து கட்டில் விளிம்பில் உட்காருவார். அவளுடையதில் சர்க்கரை அரைக் கரண்டி. "பெரியவர் இன்னும் எழுந்திரிக்கல. கொஞ்ச நேரம் ஆகும்" என்பார். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். அவள் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். பட்டப்பகலில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாலே கூச்சப்படுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் தினமும் பத்து நிமிடம் தனக்காக வந்து உட்கார்கிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். அந்தப் பெரியவர் பேச்சு மட்டும்தான் இடறும். நம் கட்டில் வரைக்கும் அக்காவின் கேலிப் பெயரைக் கொண்டுவர வேண்டுமா என்று தோன்றும்.

பதினோரு வாரம் முன்பு, கட்டட மேஸ்திரி ஒருவருடன் வெயிலில் நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது.

அவளுக்கு வேலை பெரிய மருத்துவமனை ஒன்றில். அறுவைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து, தட்டுகளில் அடுக்கி அனுப்புகிற பிரிவு. கத்தரிக்கு ஒரு குழி, இடுக்கிக்கு ஒரு குழி. தட்டில் ஒரு குழி காலியாகத் தெரிந்தால் அதற்குரிய கருவி கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நோயாளியின் வயிற்றுக்குள் இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது? பதினெட்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு வீட்டிலும் காலிக் குழி கண்ணை உறுத்தும். போன வாரம் கணவரின் மேசையைத் துடைத்தபோதும் அப்படித்தான். பெட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் அதனதன் குழியில் சொருகினாள். மேலே கிடந்த சின்னச் சின்னச் சாமான்களை இழுப்பறைக்குள் வைத்தாள். வயர்களை ஒன்றாகச் சேர்த்து, கட்டுத்துணி நாடாவால் நாலு இடத்தில் முடிச்சுப் போட்டாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது இந்த வீட்டில் ஒரு பொருளாவது ஒழுங்காக இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு, அந்த விசிறிச் சத்தத்தையாவது கேட்கலாம் என்று போய் சுவிட்சை அழுத்தினாள். விசிறி உறுமியது. சின்னம் வந்தது. நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், வேலைக்குக் கிளம்பும் நேரம் வரை நின்றது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சுவரிலிருந்து பிடுங்கி, நூறு எண்ணி, மறுபடி போட்டாள். துணியால் துடைத்தாள். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "எழுந்திருங்க" என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தாள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் நாத்தனார் வந்தாள். தோளில் துணிப்பை, கொண்டையில் ஸ்க்ரூ டிரைவர், பேருந்தில் நின்றே வந்த களைப்பு. உள்ளே வந்ததும் சுவரில் மாட்டியிருந்த தம்பி படத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு நேராக மேசைக்கடியில் குனிந்தாள்.

"பெரியவரே, என்ன பிடிவாதம் இது?"

அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டீ போடுவதாகக் கேட்கவில்லை. கேட்காதது மறதியால் இல்லை.

"தண்ணியாவது குடுத்தியே, மகராசி" என்று நாத்தனார் குடித்துவிட்டுச் சொம்பை வைத்தாள். "சரி, ஒண்ணு சொல்லிடறேன். இங்க சரியாகலைன்னா கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். அங்கதான் மத்த கருவியெல்லாம் இருக்கு. அஞ்சு மணிக்கு ஆட்டோக்காரர் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்."

"எடுத்துட்டுப் போறதா? இதையா?"

"பின்ன என்னையா?"

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"ரெண்டு நாளோ, பத்து நாளோ. உள்ள பாத்தாத்தானே தெரியும்."

அவளுக்கு அந்தப் பெட்டி வாசல் தாண்டினால் திரும்பி வராது என்று ஏனோ தோன்றியது. வந்தாலும் நாத்தனார் முதலில் பார்த்துவிட்டு அனுப்புகிற எச்சிலாகத்தான் வரும். அவர் கடைசியாகத் திறந்துவைத்த படம், கடைசியாக இழுத்த கோடு எல்லாவற்றையும் அக்காதான் முதலில் பார்ப்பாள். இங்கேயே சரியாகிவிட்டாலோ, அதுவும் அக்காவின் கைராசி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இருந்தாலும் பெட்டி வீட்டில் இருக்கவேண்டும். அஞ்சு மணிக்குள் அது எழுந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், அந்தக் கையால் எழப்போகிறதே என்று பொருமிக்கொண்டே.

நாத்தனார் சுவிட்சை அழுத்தினாள். சின்னம் வந்து நின்றது. கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினாள். பக்கத்தில் எரியவேண்டிய குட்டி விளக்கு எரியவில்லை. "முழுசா ஹேங் ஆயிட்டாரு. மூச்சு மட்டும்தான் இருக்கு" என்றாள். பின்னால் எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "இது என்னம்மா, வயருக்கெல்லாம் கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருக்க? எலும்பு முறிவா?"

"தாறுமாறாக் கிடந்துச்சு. ஒழுங்கு பண்ணினேன்."

"புதுசா ஏதாச்சும் சொருகினியா?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பழுது பார்க்க வருகிறவர்கள் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் காதில், நீ என்னத்தைக் கெடுத்து வைத்தாய் என்றுதான் விழுந்தது.

"நான் ஏன் சொருகப்போறேன்? எல்லாம் அவர் வச்ச இடத்துலதான் இருக்கு."

"இதை அவுத்து ஒவ்வொண்ணாப் பாத்துடறேனே."

"வேண்டாம் அண்ணி. ஒரு மணி நேரம் உக்காந்து கட்டினது."

நாத்தனாரின் கை பாதியில் நின்றது. புருஷனைப் பறிகொடுத்தவள் ஒரு முடிச்சை அவிழ்க்காதே என்று சொன்னால் யாருக்குத்தான் அவிழ்க்க மனம் வரும்? "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். இருபது வருடமாகக் கடை நடத்துகிறவள், முதலில் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட நாள் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் இறங்கியது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற நாத்தனார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எந்தத் திருகு எங்கே என்று விரலுக்கே தெரிந்திருந்தது. தூசியை ஊதினாள். நினைவகப் பட்டைகள் இரண்டையும் பிடுங்கி, பொன் நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். சின்னம் வந்து நின்றது. மற்றதைப் போட்டுப் பார்த்தாள். நின்றது. ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் கதவோரம் நின்றவளுக்கு, உங்களுக்கும் பிடி கொடுக்கவில்லையா என்று ஒரு குளிர்ச்சி. உடனே கடிகாரத்தைப் பார்ப்பாள், குளிர்ச்சி போய்விடும்.

நாலு மணிக்கு நாத்தனார் உள்ளேயிருந்து வட்டமான சின்ன பேட்டரி ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "இதை எடுத்துப் பத்து நிமிஷம் சும்மா விடணும். பழசெல்லாம் மறந்துட்டு புதுசா யோசிக்கும்."

"மறந்துடுமா? படமெல்லாம்?"

"அது வேற, இது வேற. பயப்படாத." நாத்தனார் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்தாள். "இதுகிட்டப் பொறுமை வேணும். உன் வீட்டுக்காரனுக்கு அது இருந்ததே இல்ல. ஆரம்பத்துல இது லேட் பண்ணப்போ எதிர்ல உக்காந்து முறைச்சுட்டே இருப்பான். தாங்காம மறுபடி மறுபடி பட்டனை அமுக்குவான். அது இன்னும் படுத்துக்கும். நான்தான் சொன்னேன், டேய், பட்டனைத் தட்டிட்டுத் திரும்பிப் பாக்காம எழுந்து போ. போய் ஒரு டீ போடு. உன் பொண்டாட்டிக்கும் ஒரு கப் குடு, அவளும் பாவம் ஓடி ஓடி வேலைக்குப் போறவ. நீ வர்றதுக்குள்ள பெரியவர் எழுந்திருச்சிருப்பாருன்னு. அன்னையிலேர்ந்து என் தலைவலி தீந்துச்சு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப சொன்னீங்க?"

"அது ஆச்சு பத்து வருஷம்."

பத்து வருடம். டீ ஆரம்பித்தது சரியாக அப்போதுதான். திடீரென்று ஒருநாள் கோப்பையோடு வந்து நின்றவரைப் பார்த்து, என்ன இது அதிசயம் என்று அவள் கேட்டதும், அவர் பதில் சொல்லாமல் கூச்சப்பட்டதும் நேற்றுபோல் இருந்தது. அன்பு என்று நினைத்தாளே. அது பெட்டியின் பழுது. அதற்கு அக்கா எழுதிக்கொடுத்த மருந்து. பெண்டாட்டிக்கும் ஒரு கப் கொடு என்பதுவரை அந்த வாயிலிருந்து வந்திருக்கிறது. தன் பெட்டகத்தில் இருந்த ஒரே நகையைத் திறந்து பார்த்தால் அதில் நாத்தனார் வீட்டு முத்திரை. சுவர்ப் படத்தில் சிரிக்கிற மனிதரை அப்போது அவளால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. பேட்டரியைப் போடுங்க. நேரமாச்சு."

போட்டாள். சுவிட்சை அழுத்தினாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். சின்னம் வந்தது, நின்றது, விசையைத் தட்டினால் விளக்கு எரியவில்லை. நாத்தனார் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பக் கொண்டையில் சொருகினாள்.

"முடியலம்மா. கடைக்குத்தான் போகணும்."

போகட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதில் இனித் தனக்கென்று என்ன இருக்கிறது? ஆனால் நாத்தனார் பெட்டியைத் தூக்குவதற்காக வயர்க் கட்டில் கை வைத்ததும் அவள் பாய்ந்து வந்து குனிந்தாள்.

"விடுங்க. நான் கட்டினதை நானே அவுக்கறேன்."

நாலு முடிச்சையும் அவிழ்த்தாள். பிறகு வேலையிடத்தில் தட்டைச் சரிபார்க்கும்போது சொல்வதுபோல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிடுங்கினாள். அது வாயிலேயே வந்துவிட்ட பழக்கம்.

"கீபோர்டு. மவுஸ். பிரிண்டர். திரை. கரண்ட். இது…"

கை நின்றது.

"எது?" என்றாள் நாத்தனார்.

"இது இழுப்பறைக்குள்ள போகுது."

நாத்தனார் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது மேசையின் பின்பக்க ஓட்டை வழியாக இழுப்பறைக்குள் நுழைந்து, சீட்டுக்கட்டு அளவில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் முடிந்தது. நாத்தனார் அதை வெளியே எடுத்தாள், புரட்டினாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"புதுசா ஒண்ணும் சொருகலைன்னியே."

"புதுசு இல்லையே. மேசை மேல கிடந்துச்சு, வயர் பின்னாடி தொங்கிட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு குழி காலியா இருந்துச்சு. அதோட இடம் அதுதான்னு நினைச்சு சொருகினேன்."

"அடி என் ஒழுங்கே! ரெண்டரை மணி நேரமா பெரியவர் வயித்தைக் கிழிச்சுப் பாத்துட்டிருக்கேன்." திட்டுவதற்கு எடுத்த குரல் பாதியில் சிரிப்பாக மாறியது. "இது இவரோட பழைய டிஸ்க்கு. செத்தும் சாகாத கேஸ். அந்தக் காலத்துல இவரை எழவிடாமப் பண்ணினதே இதுதான். நான்தான் இதை உள்ளேர்ந்து கழட்டிட்டு, வேற நல்ல டிஸ்க் போட்டேன். பழைய வரைபடம் ஏதாச்சும் வேணும்னா எடுத்துக்கட்டும்னு இந்தப் பெட்டிக்குள்ள போட்டுக் குடுத்தேன். கம்ப்யூட்டர் எழுந்தப்புறம்தான் இதைச் சொருகணும். முன்னாடியே சொருகி வச்சா, போற வழியில கிழவன் கையைப் பிடிச்சு நிறுத்திக் கதை சொல்ற மாதிரி, இதைப் பாத்துட்டு அப்படியே நின்னுடும்."

அவள் அந்தக் கதையில் பாதியைத்தான் கேட்டிருந்தாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காகிதத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் குண்டு எழுத்து. 'தம்பி. பழசு.' கீழே ஒரு தேதி.

"அண்ணி, இது என்ன தேதி?"

"மாத்தின தேதி. எல்லா டிஸ்க்குலயும் எழுதி ஒட்டிடுவேன்."

"ஆறு வருஷம் ஆச்சே."

"ஆமா, ஆறு வருஷம். உனக்குத் தெரியாதா? நீ வேலைக்குப் போயிருந்தப்ப வந்து மாத்தினேன். சொல்லலையா அவன்?"

சொல்லவில்லை. பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவள் முகம் போகும் போக்கைப் பார்த்து எப்போதோ நிறுத்திக்கொண்டவர் அவர்.

"மாத்தினப்புறம் எவ்வளவு நேரத்துல எழுந்திரிக்கும்?"

"பாத்தாப் போச்சு" என்று நாத்தனார் மற்ற வயர்களை மட்டும் சொருகி, சுவிட்சைத் தட்டி, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். சின்னம் வந்தது. மறைந்தது. பதினெட்டு என்றபோது திரை முழுக்க வெளிச்சம். யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியின் வரைபடம் பின்னணியாக இருந்தது. அங்கே அக்காவின் படம் இருக்குமோ என்று அவள் இத்தனை வருடம் சந்தேகப்பட்டிருந்தாள்.

"பாத்தியா. டீத்தண்ணியை அடுப்புல வைக்கறதுக்குள்ள வந்துடுவாரு. ஆறு வருஷமா இப்படித்தான்."

அவள் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

ஆறு வருடக் காலைகள். முன்னறையில் பெட்டி எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாமல் காத்திருந்திருக்கிறது. உள்ளே இந்த மனிதர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, பெரியவர் இன்னும் எழுந்திரிக்கல, கொஞ்ச நேரம் ஆகும் என்று கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். ஒரு மழைநாள் அவள் சிடுசிடுப்பாக, "போய்ப் பாருங்க, உங்க அக்கா செல்லம் முழிச்சிருக்கும்" என்றாள். "இருக்கட்டும், மெதுவா எழுந்திரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் பாதத்தில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடினார். அது எந்த வருடம் என்று அவள் கணக்குப் போட்டாள். போன வருடம். எந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்ததோ, அந்தச் சொல்லைத்தான் அவர் அவள் பக்கத்தில் உட்காரச் சாக்காக வைத்திருந்திருக்கிறார்.

நாத்தனார் தகட்டை மூடித் திருகு போட்டுக்கொண்டிருந்தாள். கையைப் போலவே புத்தியும் வேகம். பாதித் திருகில் நிமிர்ந்தாள்.

"டிஸ்க் மாத்தினதும் டீ நின்னுருக்குமே?"

அவள் வாயில் பதில் கத்தி மாதிரி தயாராக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்கு வந்ததில்லை.

"இல்ல அண்ணி. கடைசி நாள் காலையில வரைக்கும். பெரியவர் எழுந்திரிக்கலன்னு சொல்லிட்டுத்தான் வந்து உக்காந்தாரு."

இனித்தது. பொய் சொல்வானேன்? நாக்கு முழுக்க இனித்தது.

நாத்தனார் கொஞ்ச நேரம் அந்தத் திருகையே திருகிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"திருட்டுப் பய" என்றாள் மெதுவாக. பிறகு, "என்கிட்டே பேச்சு குறைஞ்சதும் அந்த வருஷத்துலேர்ந்துதான். சரியாயிடுச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேன். ஞாயித்துக்கிழமை பதினொரு மணி ஆனா கையில போனை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வராது. எதுக்கு வரும்? பழுதே இல்லையே. என் கையாலேயே நல்லதா ஒரு டிஸ்க்கைப் போட்டு என் வாயில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

ஒளிந்து பேசுகிறார்கள் என்று தான் தெருமுனைவரை எட்டிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. நாக்கில் இருந்த இனிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அதை அந்த முகத்துக்கு எதிரே சப்பிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தாள்.

"அண்ணி, டீ குடிக்கறீங்களா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"பெரியவர் எழுந்திரிக்கட்டும்னு இருந்தேன்."

நாத்தனார் அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு, தம்பி சிரிக்கிற மாதிரியே. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அந்தச் சிரிப்பைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். கரண்டியை இன்று எதிலும் இடிக்கவில்லை.

அஞ்சு மணிக்கு வந்த ஆட்டோவில் பெட்டி ஏறவில்லை. கிளம்பும்போது நாத்தனார் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? உனக்கு உபயோகமில்ல. திரும்ப எங்கயாச்சும் சொருகி வைப்ப."

அதில் எத்தனை வருட வரைபடம் இருக்கிறதோ, வேறு என்னென்ன இருக்கிறதோ. அவளுக்கு உடனே கொடுக்க மனம் வரவில்லை. இதனால் பெரியவர் எழாமல் அடம் பிடித்த காலம்தான் அக்காவுடைய காலம் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள். "உள்ள அவரோட படம் ஏதாச்சும் இருந்தா எனக்குக் காட்டணும்."

"காட்டாம?"

நாத்தனார் படியிறங்கி ஆட்டோவில் ஏறினாள். ஏறியவள் பைக்குள் துழாவிவிட்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"வயர் எங்கம்மா?"

அவள் வாசலில் நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த கையில், முன்பே உருவி வைத்திருந்த வயரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"உங்க கடையில இல்லாத வயரா அண்ணி?"